உருளைக்கிழங்கின் வளைய அழுகலும் கிடங்குத் துப்புரவும்

நம் பேச்சு வழக்கில் 'சுத்தம் செய்தல்' என்னும் ஒரே தொடர் இரண்டு வேலைகளைச் சுமந்து நிற்கிறது. தரையில் படிந்த மண்ணைக் கூட்டிக் கழுவி அகற்றுவதும் சுத்தம் செய்தல்தான். அதே தரையில் கண்ணுக்குப் புலனாகாமல் ஒட்டியிருக்கும் கிருமிகளை மருந்திட்டுக் கொல்வதும் சுத்தம் செய்தல்தான். வீட்டு வேலையில் இந்தச் சொல் மயக்கம் பெரிய தீங்கு எதையும் விளைப்பதில்லை. ஆனால் குளிர்நாடுகளில் விதைக்கிழங்கு பயிரிடும் உழவர் ஒருவர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிட்டால், ஒரு பருவத்து விளைச்சல் முழுவதையும், பல்லாண்டு உழைத்துத் தேடிய நற்பெயரையும் அவர் இழக்க நேரிடும். அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குழப்பம் நேராதிருக்க, அழுக்கை அகற்றும் வேலையைத் 'துப்புரவு' என்றும், கிருமியைக் கொல்லும் வேலையைக் 'கிருமி நீக்கம்' என்றும் ஈண்டு வேறுபடுத்திக் கூறுவோம்.

நோய் யாது?

உருளைக்கிழங்கைத் தாக்கும் பாக்டீரியா நோய்கள் பல. அவற்றுள் கனடா, அமெரிக்க ஐக்கிய நாடு, ஐரோப்பா ஆகிய குளிர்ப் பகுதிகளில் விதைக்கிழங்கு உழவர்கள் பெரிதும் அஞ்சுவது 'வளைய அழுகல்' என்னும் நோயாகும். இதனை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இன்று வழங்கும் அறிவியற்பெயர் கிளாவிபாக்டர் செபிடோனிகஸ் என்பது.

ஒரு கிழங்கைக் கொடியோடு ஒட்டியிருந்த முனைக்கு அருகில் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தோலுக்குச் சற்று உள்ளே மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடுவதைக் காணலாம். செடியின் நீரையும் உணவையும் கொண்டு செல்லும் குழாய்கள் அவ்விடத்தில் வளையமாக அமைந்திருக்கின்றன. இப்பாக்டீரியா குடியேறும் இடம் அந்த வளையமே. நோய் முற்றிய கிழங்கில் அவ்வளையம் வெளிர் மஞ்சளாகவோ இளம் பழுப்பாகவோ மாறி, பாலாடைக் கட்டிபோல் குழைந்துவிடும். வெட்டிய பாதியைக் கையால் அழுத்தினால் வளையத்திலிருந்து குழம்பு போன்ற பசை பிதுங்கி வரும். பின்னர் வேறு அழுகற் கிருமிகளும் உள்ளே புகுந்து கிழங்கை வெற்றுக் கூடாக்கிவிடும். வயலில் நிற்கும் செடியிலோ பருவத்தின் பிற்பகுதியில்தான் குறிகள் தோன்றும். இலை நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும்; இலையின் ஓரம் சுருளும்; தண்டு வாடும்.

இந்நோய் மனிதருக்கு எத்தீங்கும் செய்வதில்லை. கேடு முழுவதும் பயிருக்கும் அதனை நம்பி வாழ்பவருக்குமே. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

இதைவிடக் கொடியது யாதெனில், நோய்க்குறி எதுவும் காட்டாமலே பாக்டீரியா கிழங்கிற்குள் பதுங்கியிருக்க வல்லது. பார்வைக்கு மாசற்ற கிழங்கு விதைக்கப்படும்; அதிலிருந்து மாசற்றது போன்ற செடி வளரும்; அச்செடியின் கிழங்குகளும் நல்லவையாகவே தோன்றும். ஒரு தலைமுறையோ, அதற்கு மேலுமோ இவ்வாறு மறைந்து சென்று, ஏற்றதொரு பருவத்தில் திடீரென வெளிப்படும். 'சென்ற ஆண்டு நம் பண்ணையில் நோய் இல்லையே' என்று உழவர் கூறுவது பல வேளைகளில் 'சென்ற ஆண்டு நம் கண்ணில் படவில்லை' என்றுதான் பொருள்படும்.

பரவிய வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டில் ஸ்பீக்கர்மன், கோட்டோஃப் என்னும் அந்நாட்டு ஆய்வாளர் இருவர் இதற்குக் காரணமான பாக்டீரியாவை விவரித்துப் பெயரிட்டனர். 1931இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இந்நோய் காணப்பட்டது. அடுத்த ஆண்டில் அண்டையிலுள்ள அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தலைகாட்டியது. 1940க்குள் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது.

இத்துணை விரைவாக இது பரவியது எதனால்? காற்று சுமந்து சென்றதன்று. மழை அடித்துச் சென்றதுமன்று. விதைக்கிழங்கு வணிகமும், கிழங்கை வெட்டிய கத்தியும், கட்டிய சாக்கும், ஏற்றிய வண்டியுமே இதனைக் கொண்டு சென்றன. மனிதன் தன் கையாலேயே பரப்பிய நோய் இது.

பிரிட்டன் நெடுங்காலம் இதற்கு இடங்கொடாது இருந்தது. 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேல்ஸ் பகுதியிலுள்ள ஒரு பண்ணையில் அந்நாட்டின் முதல் வளைய அழுகல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் இந்நோயை அடக்குவதற்கென்றே 1980இல் ஒரு பொது விதியையும், அதற்குப் பதிலாக 1993இல் விரிவான வேறொரு விதியையும் இயற்றின. நோய் கண்ட பண்ணையின் கிடங்கு, வண்டி, கருவி ஆகியவற்றைத் துப்புரவாக்கிக் கிருமி நீக்குவதை அவ்விதி கட்டாயக் கடமையாக்கியது. தீர்வு எங்கே இருக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

ஒளிந்திருக்கும் இடம்

பயிர் நோய் என்றவுடன் நம் எண்ணம் மண்ணை நோக்கிச் செல்வது இயல்பு. வளைய அழுகலில் அவ்வெண்ணம் நம்மை வழிதவறச் செய்யும். இப்பாக்டீரியா வெறும் மண்ணில் நெடுநாள் பிழைப்பதில்லை. அறுவடையில் தவறி மண்ணுக்குள் கிடந்து, மறு ஆண்டு தானே முளைக்கும் கிழங்குகளுக்குள் இருந்தால்தான் வயலில் அது நிலைக்கும். ஆகவே அந்நிலத்தில் சில ஆண்டுகள் வேறு பயிரிட்டு, தானே முளைத்த செடிகளைக் களைந்துவிட்டால் வயல் தூய்மை அடைந்துவிடும்.

கிடங்கும் கருவிகளும் அவ்வாறல்ல. அழுகிய கிழங்கிலிருந்து கசிந்த பசை மரப்பெட்டியிலும், இரும்புத் தகட்டிலும், சாக்கிலும், ரப்பர்ப் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த பசைக்குள் இருக்கும் பாக்டீரியா 2 முதல் 5 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும் எனப் பயிர்நோய் நூல்கள் கூறுகின்றன. வறட்சி அதனைக் கொல்வதில்லை. உறைபனிக் குளிரும் கொல்வதில்லை. குளிர்ந்து உலர்ந்த இடமே அதற்கு ஏற்ற உறைவிடம். விதைக்கிழங்குக் கிடங்கோ, கிழங்கு முளைவிடாதிருக்க, ஏறத்தாழ 3 அல்லது 4 பாகை செல்சியசில் குளிர்ச்சியாகவே வைக்கப்படுகிறது. விதையைக் காப்பதற்கு அமைத்த ஏற்பாடே பகைவனையும் காத்து நிற்கிறது.

நோய் கண்ட உழவர் தம்மிடமுள்ள கிழங்கு அனைத்தையும் விற்றுத் தீர்த்துவிட்டு, நற்சான்று பெற்ற புதிய விதையை மிகுந்த பொருட்செலவில் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்புதிய விதையைப் பழைய கிடங்கில், சென்ற ஆண்டுப் பசை காய்ந்து கிடக்கும் தரையின்மீது கொட்டினால், வாங்கிய அன்றே அது தன் தூய்மையை இழக்கத் தொடங்கும்.

கத்தி செய்யும் கேடு

உருளைக்கிழங்கு சாகுபடியில் 'விதை' என்பது வித்து அன்று, கிழங்கே விதை. பெரிய கிழங்கை முழுமையாக நடாமல், ஒவ்வொன்றிலும் ஒரு முளைக்கண்ணாவது இருக்குமாறு துண்டுகளாக வெட்டி நடுவது வட அமெரிக்காவில் பெருவழக்கு. இன்று அவ்வேலையைப் பொறிகள் செய்கின்றன. சுழலும் கத்திகளும், கிழங்கை நகர்த்தும் உருளைகளும் கொண்ட பொறி நாளொன்றுக்குப் பல டன் கிழங்கை வெட்டித் தள்ளுகிறது.

அக்கத்தி நோயுற்ற ஒரு கிழங்கின் வளையத்தை வெட்டிச் செல்லும்போது, அதன் அலகில் பசை படிகிறது. அடுத்து வரும் கிழங்கின் வளையத்திற்குள் அதே அலகு நேரே நுழைகிறது. மருத்துவர் ஊசியால் மருந்தேற்றுவதுபோல், பொறி ஒவ்வொரு துண்டிலும் கிருமியை ஏற்றிக்கொண்டே போகிறது. கிழங்குத் துண்டைக் கூரிய முள்ளால் குத்தி எடுத்து நடும் ஒருவகை நடவுப் பொறியும் இவ்வாறே நோயைப் பரப்பும். இதனால்தான் ஒரு தொகுதி விதை முடிந்து மறு தொகுதி வெட்டத் தொடங்குமுன் பொறியைக் கழுவிக் கிருமி நீக்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுகிறது. வெட்டாமல் நடக்கூடிய சிறு கிழங்குகளையே விதையாகக் கொள்வதும் ஒரு தற்காப்பாகும்.

ஒரே ஒரு கிழங்கு

விதைக்கிழங்கிற்குச் சான்று வழங்கும் அமைப்புகள் வேறு பல நோய்களுக்குச் சிறிதளவு விலக்கு அளிப்பதுண்டு. நூற்றுக்கு இத்துணைச் செடிகள் வரை நோயுற்றிருக்கலாம் என்று வரம்பு கட்டி ஏற்றுக்கொள்வர். வளைய அழுகலுக்கு அவ்வாறான விலக்கே கிடையாது. ஒரு செடியிலோ ஒரு கிழங்கிலோ நோய் உறுதியானால் அத்தொகுதி முழுவதும் விதை என்னும் தகுதியை இழக்கும். விதை விலைக்கு விற்க வேண்டிய கிழங்கை உணவுக் கிழங்காகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டி வரும். அவரிடம் விதை வாங்கிய மற்ற உழவர்களும் ஐயத்திற்கு உள்ளாவர்.

அப்படியானால் விதையைச் சோதித்துப் பார்த்தே நோயைத் தடுத்துவிடலாமே என்று வினவத் தோன்றும். சோதனைகள் உண்டு. பாக்டீரியாவின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் முறையும், எதிர்ப்பொருள் கொண்டு அறியும் முறையும் இன்று கையாளப்படுகின்றன. ஐரோப்பியச் சோதனை முறையில் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு செடிக்கும் இடம் உண்டு. அது கத்தரி! ஐயத்திற்குரிய கிழங்கின் சாற்றைக் கத்தரி நாற்றின் தண்டில் ஊசியால் ஏற்றி, இலை வாடி மஞ்சளாகிறதா என்று பார்ப்பர். உருளைக்கிழங்கும் கத்தரியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதை மாணவர்க்கு உணர்த்த இஃது ஓர் அரிய சான்று.

எனினும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அதனைக் கணக்கே காட்டிவிடும். 25 டன் எடையுள்ள ஒரு தொகுதியிலிருந்து 200 கிழங்குகளை எடுத்துச் சோதிப்பது ஐரோப்பிய வழக்கம். நூற்றுக்கு ஒன்றரை வீதம் கிழங்குகள் நோயுற்றிருந்தால், அந்த 200இல் ஒன்றேனும் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 95 ஆகும். ஆயிரத்திற்கு ஒன்று மட்டும் நோயுற்றிருந்தாலோ, அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 18தான். கிழங்கு ஒன்று 100 கிராம் எனக் கொண்டால் 25 டன்னில் இரண்டரை இலட்சம் கிழங்குகள் இருக்கும். அவற்றுள் 250 கிழங்குகள் நோயோடு இருந்தும், 'நோய் காணப்படவில்லை' என்ற முடிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 82! சோதனை வேண்டுவதே, ஆயினும் அது துப்புரவின் இடத்தை நிரப்பாது.

முதற்படி: துப்புரவு

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். கிடங்கைக் கிருமி நீக்க வேண்டும் என்று கேட்டவுடன் பலரும் செய்வது என்ன? மருந்தை வாங்கி, நீரில் கலந்து, தெளிப்பானில் ஊற்றிச் சுவரெங்கும் அடித்துவிடுவதே. மருந்தின் நெடி மூக்கில் ஏறுகிறது. வேலை முடிந்ததாக மனமும் அமைதி அடைகிறது. ஆனால் சுவரில் மண்ணும், கிழங்குத் தோலும், காய்ந்த பசையும் அப்படியே இருந்தால் அம்மருந்து பெரும்பாலும் வீணாகவே போகும். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, மறைப்பு. காய்ந்த பசையின் மேற்புறத்தை மட்டுமே மருந்து நனைக்கும். அடியில் இருக்கும் பாக்டீரியாவை அது சென்று சேராது. இரண்டாவது, செலவாதல். குளோரின், அயோடின் போன்ற மருந்துகள் கிருமி எது, அழுக்கு எது என்று பகுத்தறிய மாட்டா. எதிர்ப்படும் கரிமப் பொருள் எதுவாயினும் அதனோடு வினைபுரிந்து தம் வலிமையை இழக்கும். மண்ணோடும் மட்கிய தோலோடும் போரிட்டுச் செலவான மருந்து, கிருமியைக் காணும்போது வெறும் தண்ணீராய் நிற்கிறது.

இரண்டு வேலைகளையும் வரிசையாகச் செய்வதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓரிடத்தில் 10 இலட்சம் பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கொள்வோம். மருந்து பதினாயிரத்தில் ஒன்றை மட்டும் தப்பவிடும் அளவு திறமுடையது என்றும் கொள்வோம். மருந்தை மட்டும் பயன்படுத்தினால் 100 எஞ்சும். முதலில் தேய்த்துக் கழுவி நூற்றுக்கு 99ஐ அகற்றிவிட்டால், மருந்தின் முன் நிற்பவை 10,000 மட்டுமே. இறுதியில் எஞ்சுவது ஒன்று. இதுவும் அழுக்கில் மருந்தின் திறம் குறையவே குறையாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் வேறுபாடு இதனினும் பெரிது.

ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறையினர்க்கு இவ்வுண்மை புதிதன்று. முதல் நாள் கட்டிப்பால் ஒட்டியிருக்கும் மங்கைத் துடைக்காமல் விட்டால், புதிதாக வடியும் பால் விரைவில் திரிந்து கட்டியாகிவிடும். மங்கில் தங்கிய பாக்டீரியாவே அதற்குக் காரணம். மங்கைத் துடைத்து வைத்தவர்கள், பெயரறியாமலே, இதே அறிவியலைக் கைக்கொண்டவர்கள்தாம்.

துப்புரவுக்கும் ஒழுங்கு உண்டு. எஞ்சிய கிழங்கு, தோல், மண் ஆகியவற்றை முதலில் கூட்டியும் சுரண்டியும் அகற்ற வேண்டும். பின்னர்ச் சோப்புக் கரைசல் இட்டு, உயர் அழுத்த நீரால் கூரையிலிருந்து தரை நோக்கிக் கழுவ வேண்டும். வெந்நீரோ நீராவியோ இருப்பின் பசை எளிதில் இளகும். நிறைவில் நல்ல நீரால் சோப்பு முழுவதும் நீங்குமாறு அலச வேண்டும். கழுவி அகற்றிய குப்பையை விதை வயலிலோ கிடங்கின் அருகிலோ கொட்டுதல் ஆகாது.

இரண்டாம் படி: கிருமிநாசினி

துப்புரவான பரப்பின்மீது இடும் கிருமிநாசினிகளுள் மூன்று வகையை இங்குக் கூறுவோம்.

முதல் வகை குளோரின் சேர்ந்த மருந்துகள். நாம் வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் வெளுப்பு நீர் இவ்வகையது; அதில் உள்ளது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டு வெளுப்பு நீர் 5 விழுக்காட்டு வலிமையுடையதாயின், ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் அரை விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். விலை மலிவு, விரைந்து கொல்லும். ஆனால் இரும்பை அரிக்கும். வெயிலில் வலிமை இழக்கும். அழுக்கில் மிக விரைவில் செலவாகிவிடும்.

இரண்டாம் வகை அயோடின் மருந்துகள். கரைசலின் பழுப்பு நிறம் மங்கினால் வலிமை குறைந்துவிட்டது என்று கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம். இவையும் அழுக்கில் திறம் குன்றும். சில உலோகங்களை அரிக்கும்.

மூன்றாம் வகை குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள். இவை உலோகத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. ஆதலால் பொறிகளுக்கு ஏற்றவை. இவற்றின் குறை வேறொன்று: சாதாரணச் சோப்பு இவற்றின் வலிமையைக் கெடுத்துவிடும். சோப்பின் மூலக்கூறு எதிர்மின்னேற்றம் உடையது. இம்மருந்தின் மூலக்கூறு நேர்மின்னேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று செயலற்றதாக்கிவிடும். சோப்பிட்டுக் கழுவியபின் நன்றாக அலச வேண்டும் என்று மேலே கூறியதற்கு இதுவே காரணம்.

முற்காலத்தில் பாதரசக் குளோரைடும் ஃபார்மால்டிஹைடும் இவ்வேலைக்குப் பயன்பட்டன. மனிதருக்கும் நிலத்துக்கும் அவை விளைக்கும் கேடு பெரிது. இன்று அவற்றை நாட வேண்டிய தேவை இல்லை.

எம்மருந்தாயினும் அதன் புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவே சட்டம். மிகுத்துக் கலந்தால் மிகுந்த பயன் என்பது பிழையான எண்ணம். வெளுப்பு நீரோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலத்தலாகாது. உயிரைப் போக்கும் நச்சு வாயு எழும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கதவுகளைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும்.

பத்து நிமிடம்

மருந்து பட்டவுடன் கிருமி மாய்ந்துவிடும் என்பது மற்றொரு தவறான எண்ணம். வளைய அழுகலைப் பொறுத்தவரை, மருந்து பரப்பின்மீது குறைந்தது 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. 'ஈரமாக' என்ற சொல்லே இங்கு முதன்மையானது. காற்றோட்டமுள்ள கோடை நாளில் மரச்சுவரில் அடித்த மருந்து மூன்று நான்கு நிமிடத்தில் காய்ந்துவிடக்கூடும். காய்ந்தபின் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அது பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. காயத் தொடங்கும்போதே மீண்டும் தெளித்து ஈரத்தைக் காக்க வேண்டும்.

வெப்பமும் கருதத்தக்கது. கடுங்குளிரில் மருந்தின் வினை மந்தப்படும். ஆதலால் கிடங்கு வெறுமையாக இருக்கும் கோடைக்காலமே இப்பணிக்கு உகந்த பருவம். அறுவடை வண்டி வாசலுக்கு வந்தபின் அவசரமாகச் செய்யும் வேலை பயன் தராது.

நீராவியை மட்டும் கொண்டு கிருமி நீக்க முயல்வோரும் பொறுமை காக்க வேண்டும். குழாய் முனையிலிருந்து வெளிவந்த நீராவி சிறிது தொலைவிலேயே சூடு தணிந்துவிடும்; தடித்த இரும்போ அச்சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பரப்பே சூடேறும்வரை முனையை அருகில் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும்.

மறந்துபோகும் இடங்கள்

தரையையும் சுவரையும் எவரும் மறப்பதில்லை. நோய் தங்குவது மறக்கப்படும் இடங்களில்தான். கன்வேயர்ப் பட்டையின் அடிப்பக்கம், அதன் உருளைகள், கிழங்கு நசுங்காதிருக்க வைத்த நுரைமெத்தைகள், காற்று செல்லும் குழாய்கள், மின்விசிறியின் உறை, லாரியின் பின்தட்டு மூலை, வெட்டும் பொறியின் கத்திக்குக் கீழுள்ள தட்டு ஆகியன அத்தகையவை. மண்வாரி, துடைப்பம், மிதியடி, கையுறை ஆகியவற்றையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எல்லாப் பொருளும் ஒரே வகையில் தூய்மை அடைவதில்லை. வழவழப்பான எஃகும் பிளாஸ்டிக்கும் எளிதில் கழுவத்தக்கவை. மரம் நுண்துளை உடையது. பசை உள்ளே ஊறியிருக்கும். ஆகவே நன்கு தேய்த்து, நெடுநேரம் ஈரத்தில் வைக்க வேண்டும். நுரைமெத்தை, கிழிந்த பட்டை போன்றவற்றைக் கழுவ முயல்வதைவிட எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதே சிக்கனம். பழைய சாக்குகளையும் அவ்வாறே கருத வேண்டும். விதைக்குப் புதுச் சாக்கே தகும். ஓர் உழவரின் பொறியை மற்றவர் இரவல் பெறும்போது, வரும்போதும் திரும்பும்போதும் அதனைக் கழுவிக் கிருமி நீக்குவது அண்டை அயலார்க்குச் செய்யும் கடமை.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

அழுக்கு மருந்தைச் செலவாக்கிவிடும் என்பதை மாணவர் கண்ணால் காணுமாறு ஆசிரியர் செய்து காட்டலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து சொட்டு வெளுப்பு நீர் விடுக. ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி மட்கிய இலைமண்ணைக் கலக்குக. அரை மணி நேரம் கழித்து, அதனைத் துணியில் வடிகட்டி எடுக்க. இரண்டிலும் பேனா ஊற்றும் நீல மையில் ஒவ்வொரு சொட்டு இடுக. தூய நீரில் மையின் நிறம் வெளுக்கத் தொடங்கும். மண் கலந்திருந்த நீரில் வெளுப்பது வெகுவாகத் தாமதப்படும். சில வேளை நிறம் மாறாமலே நிற்கும். இரண்டிலும் இட்ட மருந்து ஒரே அளவே. ஒன்றில் மண் அதனை உண்டுவிட்டது. வெளுப்பு நீரைக் கையாளுவது ஆசிரியரே ஆக வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. சொற்கள் தெளிவாயின் செயலும் தெளிவாகும். 'மருந்தால் சுத்தம் செய்க' என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டால், படிப்பவர் துடைப்பத்தைத் தொடாமலே மருந்தைக் கொட்டுவார். 'முதலில் துப்புரவு செய்க; அலசுக; பின்னர்க் கிருமி நீக்குக; பத்து நிமிடம் ஈரம் காக்க' என்று எழுதினால் பிழைக்கு இடமில்லை. மருந்துப் புட்டியிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டும் தமிழ்க் குறிப்புகளை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இவ்விரு வினைகளையும் வேறு வேறு சொற்களால் குறிப்பிடல் நன்று. கட்டுரைப் பாட வேளையில் இத்தகைய செய்முறைக் குறிப்பு ஒன்றை மாணவரைக் கொண்டே எழுதச் செய்யலாம். எந்த வினை முன், எந்த வினை பின், ஏன் அவ்வாறு என்று அவர்கள் காரணத்தோடு எழுதப் பழகினால், மொழிப்பாடமும் அறிவியற்பாடமும் ஒருங்கே நிறைவேறும்.

வளைய அழுகல் நம் நாட்டுப் பயிரின் சிக்கல் அன்று. ஆயினும் துப்புரவின்றிக் கிருமி நீக்கம் இல்லை என்னும் விதி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் வெட்டுப் பலகைக்கும் பொருந்தும். மருத்துவமனைத் தரைக்கும் பொருந்தும். கோழிப் பண்ணைக்கும் பொருந்தும். புட்டியைத் திறக்குமுன் துடைப்பத்தை எடுத்தோமா என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.